மதினி கலாசாலைக்குப் போகிறார்!

தூத்துக்குடியில் எனக்கு ஒரு மதினி உண்டு. உறவு சற்றுத் தூரம். பாசம் வெகு அருகில். போன மாதம் போயிருந்தபோது, மக்ரூன் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "தம்பி, நான் டிகிரி படிக்கணும். வயசு நாற்பத்திரண்டு ஆச்சு. சிரிக்கக் கூடாது!" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவருக்கு இது இரண்டாவது படையெடுப்பு என்பது எனக்குத் தெரியும்.

பத்தாவது முடித்ததும் மதினிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பிறகு, "பிளஸ் டூ வேண்டாம், பதினெட்டு வயது ஆனால் போதும், நேரே பி.ஏ.!" என்று யாரோ சொன்னதை நம்பி, வளையலை அடகு வைத்துப் பணம் கட்டினார். அடுப்படியிலேயே படித்துத் தேறியும் விட்டார். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ல் தமிழக அரசு ஆணை பிறப்பித்திருந்தது. பட்டம் பீரோவுக்குள் போயிற்று. வளையல் திரும்பி வரவேயில்லை.

ஆகையால், வாசக சகோதரிகளே, உங்களுக்கும் இந்த ஆசை இருந்தால் முதலில் கீழ்ப்படியைப் பாருங்கள். பிளஸ் டூ இல்லையா? தனித்தேர்வராக அந்தப் பரீட்சையை எழுதிவிடுங்கள். வெட்கம் எதற்கு?

வீட்டிலிருந்தே பட்டம் வாங்குவது புதிய சங்கதி அல்ல. லண்டன் சர்வகலாசாலை 1858-லேயே வெளி மாணவர்களுக்குப் பரீட்சை வைத்தது. நம் தேசத்தில் டில்லி 1962-ல் தபால் வழிப் படிப்பைத் துவக்கியது, மதுரை 1971-ல். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 2002-லும் பிறந்தன. தூத்துக்குடிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, நெல்லையில், 1990-ல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகத்திலும் தொலைநிலைப் பிரிவு உண்டு. முறையான அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் கல்லூரிப் பட்டமும் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

'அங்கீகாரம் பெற்ற' என்ற இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்! பணம் கட்டுமுன், அந்தப் படிப்பு, அந்த வருஷம், யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம், எஞ்சினீயரிங், சட்டம் எல்லாம் தொலைநிலையில் கிடையாது. தருவதாக யாராவது சொன்னால், வாசலைக் காட்டுங்கள்.

சரி, பட்டமே வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்பவர்களுக்கு? 2017-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த 'ஸ்வயம்' இருக்கிறது. செல்போனிலேயே பேராசிரியர் வந்து நிற்பார். கேட்கக் காசு இல்லை. பரீட்சையும் சான்றிதழும் வேண்டுமானால் கட்டணம் உண்டு. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் பன்னிரண்டு வாரப் பாடங்களில், வாராவாரம் வரும் பயிற்சியில் சிறந்த எட்டை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். வீட்டில் விருந்தாளி வந்த வாரம் போனால் போகட்டும்! ஏற்கெனவே பட்டப் படிப்பில் இருப்பவர்களுக்கு, கல்லூரி சம்மதித்தால், ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை இந்த வழியிலேயே முடிக்கலாம். அதற்குத்தான் 'கிரெடிட்' என்று பெயர். உண்டியலில் சேர்ப்பது போலத்தான். அதைச் சேர்த்து வைக்க 2021-ல் ஒரு வங்கியே ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

கையில் தொழிலாக வேண்டுமென்றால், ஊரிலேயே 1977-ல் துவங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீனில் ஊறுகாய் முதலியன செய்ய அவ்வப்போது குறுகிய காலப் பயிற்சி தருகிறார்கள். போய் விசாரிக்கலாம்.

இதையெல்லாம் மதினியிடம் ஒப்பித்தேன். "பட்டம் இல்லாத படிப்பால் என்ன லாபம், தம்பி?" என்று கேட்டார். அந்த ஊர்க்காரரான வ.உ.சி., சிறைக்குள் இருந்துகொண்டே ஜேம்ஸ் ஆலன் நூலைத் தமிழாக்கியதைச் சொன்னேன். "அவர் வக்கீலுக்குப் படிச்சு முடிச்சுட்டுத்தானே ஜெயிலுக்குப் போனார்?" என்றார் மதினி. என்னிடம் பதில் இல்லை.

இப்போது தனித்தேர்வுக்குத் தயார் செய்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகளும் அவரும் ஒரே புஸ்தகத்துக்குச் சண்டை போடுகிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் புஸ்தகம் அம்மாவுக்கு என்று ராஜி ஆகியிருக்கிறது.