எலுமிச்சம்பழம் நசுங்கிய பின்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, பல்லவன் சாலையில் அருள்பாலிக்கும் பாடிகாட் முனீஸ்வரர் சந்நிதியில் புதிய வாகனங்கள் பூஜைக்காகக் காத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். மாலை சாத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூர ஆரத்தி காட்டியபின், சக்கரங்களின் கீழ் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கியபடி வண்டி மெல்ல நகரும். அந்தச் சில அடி தூரம் ஓட்டுநரிடம் காணும் நிதானமே தனி அழகு. அதே வண்டி அண்ணா சாலையை அடைந்ததும், பச்சை விளக்கு எரியுமுன்பே ஒலிப்பானை அலறவிடுகிறது!

திருமலையில் தரிசனத்துக்காகப் பல மணி நேரம் பொறுத்திருக்கும் மனம், சிக்னலில் ஒரு நிமிடம் பொறுப்பதில்லை. யாரோ முந்திச் சென்றால் அவமானம் நேர்ந்ததாகக் கருதிக் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். சினத்தில் இருப்பவர் இக்கணக்கைப் போடுவதில்லை.

திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் கடுமையான அபராதங்கள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் அறியவேண்டிய பிரிவு வேறொன்று. பிரதோஷத்துக்கு வில்வம் வாங்கிவர, உரிமம் இல்லாத பள்ளிப் பருவப் பேரனிடம் ஸ்கூட்டர் சாவியைத் தாத்தாவே எடுத்துக் கொடுப்பது பல இல்லங்களில் வழக்கம். 18 வயது நிரம்பாதவர் அவ்வாறு ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பாதுகாவலருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பேரனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. வில்வத்துக்கு நடந்தே போய்வரலாம்.

தாமே வண்டி ஓட்டும் முதியவர்களுக்கு வேறு கவனம் வேண்டும். 55 வயதுக்குமேல் உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். மருத்துவரின் சான்றிதழும் தேவை. அதைச் சடங்காகப் பெறாமல், கண்ணை உண்மையாகவே பரிசோதித்துக்கொள்வது நலம். கண்புரை உள்ளவருக்கு எதிர்வரும் விளக்கொளி பட்டால் சாலையே மறைந்துவிடும்.

தைப்பூசத்தை ஒட்டிப் பழனி செல்லும் சாலைகளில், விடியலுக்கு முன்பே பாதயாத்திரை அன்பர்கள் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். பச்சையும் காவியும் இருளில் எளிதில் தென்படுவதில்லை. அவ்வழியே காரில் செல்வோர் அரைமணி முன்னதாகப் புறப்பட்டு, முகப்பு விளக்கைத் தாழ்த்தி, காவடியுடன் சாலையைக் கடப்பவர்கள் முழுவதும் கடந்து முடியும்வரை ஒலிப்பானைத் தொடாமல் நின்று செல்லலாம். முருகன் நடந்து வருவோருக்காகவும் காத்திருப்பவன்தானே!