தானே அணையும் கம்ப்யூட்டரும் தொலைக்கக் கூடாத பில்லும்

"அரை மணி நேரம் நல்லா ஓடுது சார், அப்புறம் தானா ஆஃப் ஆயிடுது." கோடை வந்துவிட்டால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. கிடைக்கும் பதில்களும் வழக்கமானவைதான். "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும், ஃபார்மட் அடிச்சிடலாம்" என்பார் ஒருவர். "மதர்போர்டு போயிருக்கும், மாத்திடலாம்" என்பார் இன்னொருவர். சில சமயம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால், ஃபேனுக்குக் கீழே படிந்த தூசியோ, கழன்று நிற்கும் ஒரு பிளாஸ்டிக் பின்னோ காரணமாக இருக்கும்போதும் இதே பதில்தான் வருகிறது. பணம் கொடுக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாததால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பொருள். இன்டெல்லின் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அந்த எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு "கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிடுச்சு" என்று தெரியும். அதற்கும் மேல் சூடு ஏறினால் எரிந்துபோகாமல் இருக்கத் தன்னை அணைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில ப்ராசஸர்கள் கடும் வேலையின்போது 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் 95 என்று பார்த்துப் பதற வேண்டியதில்லை. உங்கள் ப்ராசஸரின் வரம்பு என்ன என்பதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரோடு பேசும்போது இந்த ஒரு எண்ணே பேச்சின் தோரணையை மாற்றிவிடும்.

அடுத்தது உங்கள் இயந்திரத்தின் சூட்டை அளப்பது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் ப்ராசஸரின் சூட்டைக் காட்டாது. ஹெச்டபிள்யூமானிட்டர், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் காட்டும். சும்மா இருக்கும்போது ஒரு முறை பாருங்கள். பிறகு கேம் அல்லது சினிபெஞ்ச் போன்ற சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு முறை பாருங்கள். திரையை, தேதியும் நேரமும் தெரிய, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்க உதவும் அதே படம், பின்னால் தகராறு வந்தால் சாட்சியாகவும் நிற்கும். "நான் கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று வாயால் சொல்வதற்கும் படத்தைக் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் நுகர்வோர் ஆணையத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எண்ணைப் படிக்கும்போது அறையின் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. ஏசி அறையில் 26 டிகிரியில் இருக்கும்போது ப்ராசஸர் 70-இல் நிற்கிறது என்றால், அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுக் கூரைக்குக் கீழே 38 டிகிரியில் அதே வேலைக்கு ஏறத்தாழ 82 காட்டும். இதில் பழுது எதுவும் இல்லை. மார்கழியில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் சித்திரையில் தடுமாறுவதற்கு இதுவே பாதிக் காரணம்.

காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மேஜை ஃபேன் ஒன்றை உள்ளே காற்றுப் போகிற மாதிரி நிறுத்தி, அதே பத்து நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். உள்ளே கை வைக்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கினால் கோளாறு காற்றோட்டத்தில் இருக்கிறது. ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கியது, ப்ராசஸர் இன்னும் கொதிக்கிறது என்றால் சூடு ப்ராசஸரிலிருந்து அதன்மேல் பொருத்திய கூலருக்கே போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சூடு 60-ஐத் தாண்டாமலே இயந்திரம் அணைகிறதா? அப்படியானால் கூலரை விட்டுவிடுங்கள், மின்சாரப் பக்கம் பாருங்கள். ஃபார்மட் அடிக்க வேண்டியதில்லை என்பது இந்த மூன்றிலும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

காற்றோட்டக் கோளாறில் முதல் குற்றவாளி தூசி. நம் வீட்டுத் தூசி வெறும் தூசி அல்ல. சாம்பிராணிப் புகையும் கொசுவத்திப் புகையும் தாளிப்பு எண்ணெயின் ஆவியும் சேர்ந்து பிசுபிசுப்பாகி, கூலரின் ஃபேனுக்குக் கீழே இருக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போலப் படிந்துவிடும். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், காற்று மட்டும் கீழே இறங்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, மென்மையான பிரஷ்ஷும் பிளோயரும் வைத்துச் சுத்தம் செய்யலாம். பிளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். பஞ்சர் கடையில் கொண்டுபோய்க் காற்றடிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், வேண்டவே வேண்டாம்.

சூடு கூலருக்குப் போகவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். அல்லது கூலர் சரியாக உட்கார்ந்திருக்காது. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு மூலையிலும் கறுப்புப் பின் இருக்கும். ஒன்று மட்டும் மேலே எழும்பி நின்றாலும் ஒரு பக்கம் தொடாமல் போய்விடும். கம்ப்யூட்டரைப் படுக்கவைத்து வண்டியில் கொண்டுபோய் வந்த பிறகு சூடு ஏறத் தொடங்கியது என்றால் முதலில் அந்த நான்கு பின்களைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் லேசாக இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கூலரைக் கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது வைத்தே ஆக வேண்டும். ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் துடைக்கும் திரவம் தருவார்கள். நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும், அப்பிக் கொட்ட வேண்டியதில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ப்ராசஸர்களுக்கு அடியில் ஊசிகள் உண்டு. பேஸ்ட் இறுகிப்போன கூலரைச் செங்குத்தாகப் பிடுங்கினால் ப்ராசஸரும் சேர்ந்து வந்து ஊசி வளைந்துபோகும். சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகு, இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். கை நடுங்கும் என்றால் இந்த வேலையைக் கடையில் கொடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கேபினட்டை எங்கே வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் டேபிளில் மூன்று பக்கமும் பலகை அடைத்த ஒரு பொந்து இருக்கும். பின்பக்கம் வெளியேறும் சுடுகாற்று பலகையில் மோதித் திரும்பவும் முன்பக்கம் வந்து உள்ளே போகும். அந்தப் பின்பலகையைக் கழற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபேன் முன்பக்கம் இழுத்து, பின்பக்கம் வெளியேற்ற வேண்டும். ஃபேனின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். அது இல்லாவிட்டால், குறுக்குச் சட்டம் தெரியும் பக்கமாகக் காற்று வெளியேறும் என்று வைத்துக்கொள்ளலாம். வண்ண விளக்குக்காக முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்களை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மூச்சு விட வழியில்லாத பெட்டிக்குள் எத்தனை ஃபேன் வைத்து என்ன பயன்?

சூடு சரியாக இருந்தும் அணைகிறது என்றால் யுபிஎஸ், வயரிங், கேபினட்டுக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவரில் செருகி ஓட்டிப் பார்ப்பது எளிது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். நம் வீட்டு 230 வோல்ட் அதற்குள் 325 வோல்ட் அளவுக்கு டிசியாக மாறி கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கு ஆபத்தான அடி வாங்கலாம். கருகல் வாடை, உள்ளே பட்பட் சத்தம், பல்லியோ கரப்பானோ செத்துக் கிடக்கும் அடையாளம், எதுவாயினும் முழுப் பெட்டியையும் மாற்றுவதுதான் வழி. புதிதாக வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய தயாரிப்பு என்று காட்டும். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா, டெஸ்டர் எரிகிறதா? வீட்டில் எர்த் இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியவர் எலக்ட்ரீஷியன்.

இனி, கடைக்குக் கொண்டுபோகும் நாள். டேட்டாவைக் காப்பி எடுத்துவிட்டு, முடிந்தால் ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சூட்டுக் கோளாறைப் பார்க்க உங்கள் குடும்பப் படங்கள் தேவையில்லை. ரேம், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது ஜாப் கார்டு கேளுங்கள். அதில் என்ன கோளாறு, உத்தேசச் செலவு, என்ன மாற்றப் போகிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "அண்ணா, மாத்தின பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

புதிதாக அசெம்பிள் செய்பவர்கள் பில்லில் ஒவ்வொரு பாகத்தின் மாடலும் சீரியல் எண்ணும் தனித்தனியாக வரும்படி கேட்டு வாங்குங்கள். "கம்ப்யூட்டர் செட் ஒன்று" என்று ஒரே வரியில் போட்ட பில் வாரண்டி கேட்கும்போது கைவிட்டுவிடும். ப்ராசஸர் பெட்டியோடு வருகிறதா, பெட்டி இல்லாமல் உதிரியாக வரும் டிரே வகையா என்பதையும் கேளுங்கள். இன்டெல் பெட்டி ப்ராசஸருக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி மூன்று ஆண்டு. டிரே வகைக்கு விற்றவர்தான் பொறுப்பு, பெட்டியில் வரும் கூலரும் அதனோடு வராது.

எல்லாக் கோளாறும் தூசியால் வருவதல்ல என்பதற்கு இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர் விவகாரமே சாட்சி. ப்ராசஸருக்குள் இருக்கும் மைக்ரோகோடு அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டதால் பல இயந்திரங்கள் காரணம் தெரியாமல் கிராஷ் ஆயின. இன்டெல் 2024-இல் இதை ஒப்புக்கொண்டு பயாஸ் அப்டேட் வழியே திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்படக்கூடிய பெட்டி ப்ராசஸர்களுக்கு வாரண்டியை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்து ஐந்து ஆண்டாக்கியது. ஐ5-13600கே, ஐ7-13700, ஐ9-13900, 14-ஆம் தலைமுறையில் இவற்றுக்கு இணையானவை அந்தப் பட்டியலில் உண்டு. திருத்தம் மேற்கொண்டு சேதம் வராமல் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. இவற்றில் ஒன்றை வைத்திருந்து அடிக்கடி கிராஷ் ஆனால், பேஸ்ட் மாற்றிக்கொண்டிருக்காமல் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அப்போதும் தீரவில்லை என்றால் வாரண்டி கேளுங்கள்.

கடைக்காரர் கைவிரித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்ப்பையும் சேவை என்றே கணக்கில் எடுக்கிறது. பில் தர மறுப்பது அந்தச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் கடமை முடிந்தது என்று சில கடைகள் நினைக்கின்றன. குறையுள்ள பொருளுக்கு அந்த வரி கேடயமாகாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் கடைக்கு எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பொருளில் குறை இருக்கிறதா என்று ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கான செலவை மட்டும் நாம் முதலில் கட்ட வேண்டியிருக்கும். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். புகார் எழக் காரணமான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் தீப்பிடித்து மேஜையோ திரைச்சீலையோ எரிந்துபோனால் முதலில் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு எரிந்த பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பொருள் குறையால் உடலுக்கோ மற்ற உடைமைக்கோ சேதம் வந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்க அதே சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. கருகிய அந்தப் பெட்டிதான் அப்போது உங்கள் முதல் ஆதாரம்.

டிடிபி கடை, ஜெராக்ஸ் கடை, வீட்டிலிருந்தே எடிட்டிங் என்று ஒற்றைக் கம்ப்யூட்டரை நம்பிப் பிழைப்பவர்களிடம், "நீங்க பிசினஸுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் சட்டம் உங்களுக்குக் கிடையாது" என்று கடைக்காரர்கள் சொல்லிப் பார்ப்பார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியதைச் சட்டம் விலக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலாக, வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் அந்த விலக்கில் வராது என்று அதே பிரிவின் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. மனுவில் முதல் பத்தியிலேயே இதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.