பகாவ்: தோட்டம் மறைந்தாலும் பெயர் மறையாத ஊர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில், செம்பனைக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது பகாவ். சிரம்பானிலிருந்து கோலப்பிலா வழியாகப் போனால் வந்துவிடும். சுற்றியுள்ள தோட்டப்புற மக்களுக்குப் ‘பட்டணம்’ என்றால் இதுதான்.

இந்த வட்டாரம் ஆதியிலிருந்தே வழிப்போக்கர்களின் பூமி. மூவார் ஆறு மலாக்கா நீரிணைக்கு ஓடுகிறது. செர்த்திங் ஆற்று நீரோ பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. இரண்டு ஆற்று வழிகளும் சுமார் 300 மீட்டர் இடைவெளியில் நெருங்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து வணிகர்கள் படகைத் தரையில் இழுத்தே மறுபக்கம் போனார்கள். ‘தாரிக்’ என்றால் இழு. அதனால் அந்த இடத்துக்குப் ‘பெனாரிக்கான்’ என்று பெயர்.

கெமாஸிலிருந்து பகாவுக்கு 1910இல் ரயில் வந்தது. பின்னர் கிழக்குக்கரைப் பாதையாக 1931இல் தும்பாட் வரை நீண்ட தடத்தின் முதல் பகுதி அது. ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழர்கள் லயங்களில் குடியேறினார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்மரம் என்று தலைமுறைகள் கழிந்தன.

ஜப்பானியர் ஆட்சியில், 1943 கடைசியில், சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களும் யுரேசியர்களும் பகாவ் காட்டில் குடியேற்றப்பட்டார்கள். ‘பூஜி கிராமம்’ எனப்பட்ட அங்கே மலேரியாவும் பட்டினியும் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றன. அவர்களோடு வந்த ஆயர் தெவால்ஸும் 1945இல் இறந்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டதும் அதே காலத்தில்தான்.

சுதந்திரத்துக்குப் பின் பெல்டா திட்டம் ஜெம்போலின் முகத்தை மாற்றியது. பாலோங், செர்த்திங், ராஜா அலியாஸ் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்குச் சுமார் 10 ஏக்கர் கிடைத்தது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டத் தமிழருக்கு வீடும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன; வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ரப்பர் போய் செம்பனை வந்தபோது ஆள்தேவை குறைந்தது. பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் போனார்கள்.

மிஞ்சியிருப்பவை கோயிலும் தமிழ்ப்பள்ளியும்தான். லாடாங் கெடிஸ், லாடாங் ஜெராம் பாடாங் என்று பள்ளிப் பெயர்ப் பலகைகள் இன்னும் தோட்டத்தைச் சுமக்கின்றன. நிலப்பட்டா கிடைக்காத மக்களுக்கு அந்தப் பலகைதான் பட்டா. பள்ளி மூடப்பட்டால், தோட்டத்தின் பெயரைத் தமிழில் சொல்லும் இடம் ஒன்று குறைந்துபோகும்.

பகாவ் பக்கம் வேர் உள்ளவர்கள் இந்த விடுமுறையில் ஒன்று செய்யலாம். தாத்தா பாட்டியிடம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்தின் இடம், கூட வேலை செய்தவர்கள் எனக் கேட்டு எழுதி வையுங்கள். கெடிஸ் எங்கே, ஜெராம் பாடாங் எங்கே என்று காட்ட அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள்.