கிணற்று நீர் உவராவது எவ்வாறு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் வேண்டிய நீரைக் கிணறுகளே தருகின்றன. அந்நீர் மாரியிலே பெய்த மழை, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புக்களிலும் துவாரங்களிலும் தங்கியதேயாகும். நிலத்தின் கீழ் தொலைவிலிருந்து ஆறு ஓடி வருகின்றதென்றும், எவ்வளவு இறைத்தாலும் ஊறுமென்றும் கருதுவோர் இன்னும் உளர். அது சரியன்று.

அதே பாறைக்குள் கடல் நீரும் புகுந்திருக்கின்றது. நன்னீர் அதன்மேல் மிதக்கின்றது. ஒரு லீற்றர் நன்னீரின் நிறை ஏறக்குறைய 1000 கிராம். கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கரைந்திருப்பதால், அதன் நிறை ஏறக்குறைய 1025 கிராமாகும். இச்சிறு வேற்றுமையினாலேயே நன்னீர் மேலே நிற்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இதற்குத் தக்க சான்று.

நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருப்பின், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கை மறுபுறமாகவும் பார்த்தல் வேண்டும். நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழும். வலுமிக்க யந்திரத்தால் ஓய்வின்றி இறைக்கும் கிணற்றின் அடியிலோ, உவர்நீர் கூம்பு வடிவாக விரைவில் எழுகின்றது. துலா மிதித்தவர் களைத்தபோது கிணற்றுக்கும் ஓய்வு கிடைத்தது, யந்திரம் களைப்பதில்லை.

கோடையில் நீர் குறைந்தவுடன் கிணற்றை ஆழமாக்குவது பலரது வழக்கம். கரையோரக் கிராமங்களில் இதைவிடக் கேடான செயல் வேறில்லை. ஆழமாக்குபவர் நன்னீரைத் தேடி உவர்நீரை நோக்கியே இறங்குகின்றார். ஒரு முறை உவரேறிய கிணறு ஒரே மாரியில் திருந்துமென எதிர்பார்க்க இயலாது. குறைந்த வேகத்தில், காலையிலும் மாலையிலுமாகப் பிரித்து இறைத்து, இடையில் மட்டம் ஏற விடுதலே தக்க வழி. அயற்கிணற்றுக்காரருடன் முறை வைத்து இறைப்பது இன்னும் நன்று. பாறையின் கீழ் வேலியில்லை.

உவர்நீர் பயிரைக் கெடுக்கும் விதத்தையும் அறிதல் வேண்டும். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லீற்றருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரை, ஏக்கரில் பதினாறிலொரு பங்காகிய ஒரு பரப்பு நிலத்துக்குப் பத்து மில்லிமீற்றர் உயரம் பாய்ச்சினால் சுமார் 2500 லீற்றர் செல்லும். அதனுடன் இரண்டரைக் கிலோ உப்பும் சேரும். பத்து முறை இறைத்தால் 25 கிலோ. மண்ணீரில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச இயலாது தவிக்கும். மண் ஈரமாயிருக்கவே பயிர் வாடுவதும், இலை நுனி கருகுவதும் இதன் அறிகுறிகள். ஆனால், அறிகுறி தோன்றுமுன்பே விளைச்சல் குறையத் தொடங்கிவிடும். நெல்லும் இளநாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உவரை அதிகம் தாங்காது.

தூய நீர் மின்சாரத்தை மிகச் சிறிதளவே கடத்தும். உப்புக் கரையக் கரையக் கடத்துதிறன் கூடும். ஆகவே ஒரு சிறு மானியால் உவரை அளக்கலாம். பாய்ச்சும் நீரின் அளவு மீற்றருக்கு 0.8 டெசிசீமனைத் தாண்டினால் வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு இவ்வெல்லை 1.0, தக்காளிக்கு 1.7, பீற்றூட்டுக்கு 2.7. உவரேறத் தொடங்கிய கிணற்றை உடையவர் வெங்காயத்தை விட்டுப் பீற்றூட் நடுதல் புத்தி.

கேத்தலின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் படிவைக் கண்டு கிணறு உவரேறிவிட்டதென அஞ்சுவோர் உண்டு. அது கடலுப்பன்று. மழைநீர் காபனீரொட்சைட்டை ஏற்றுச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கின்றது. கொதிக்கும்போது அவ்வாயு வெளியேறச் சுண்ணாம்பு படிகின்றது. கடலுப்போ கொதித்தாலும் நீரிலேயே நிற்கும்.

நீரைப் பரிசோதிக்க விரும்புவோர், யந்திரம் சிறிது நேரம் ஓடியபின் வரும் நீரால் போத்தலை மும்முறை அலசி, அதே நீரால் நிரப்பி, இறுக மூடி விவசாயப் போதனாசிரியரிடம் கொடுக்கலாம். மாரி முடிந்த தை மாதத்தில் ஒன்றும், கோடை முற்றிய ஆவணியில் ஒன்றுமாக இரு மாதிரிகள் எடுத்து, அளவுகளைத் திகதியுடன் குறித்து வைத்தல் வேண்டும்.