புலமைக் காய்ச்சலும் புலமை உவகையும்

‘புலமைக் காய்ச்சல்’ என்னும் தொடர் தமிழ் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. அதன் மறுதலையாகிய குணத்திற்கு அவ்வாறு ஒரு பெயர் வாய்க்கவில்லை. ஒட்டக்கூத்தரையும் புகழேந்தியையும் பற்றி வழங்கும் கதைகளை மக்கள் இன்றும் சுவைத்துப் பேசுகின்றனர். அவற்றுள் உண்மை எத்துணை, புனைவு எத்துணை என்பது வேறு ஆராய்ச்சி. ஒரு புலவர் மற்றொரு புலவரின் புதுநூலைக் கண்டு உளமார மகிழ்ந்தார் என்னும் செய்தியோ கதையாக வளர்வதில்லை. ஆயினும் நம் முன்னோர் அம்மகிழ்ச்சிக்கு இலக்கணத்திலேயே இடம் வகுத்துள்ளனர். சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியோரைக் கூறுமிடத்து நன்னூலார், ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருடன் நூலாசிரியனோடு ஒருங்கு கற்றவனையும் சேர்த்து எண்ணினார். உடன் கற்றவனே போட்டியாளனாதற்கும் மிக அணியன் என்பதை நோக்கின் அவ்விதியின் நுட்பம் புலனாகும்.

நாடகத்திற்கு அத்தகைய பாயிரம் போதாது. காவியத்தைத் தனியொருவர் ஓரிடத்தமர்ந்து கற்கலாம். நாடகமோ நடிப்போர் பதின்மர், ஒத்திகைக்குரிய திங்கள் சில, அரங்கு, விளக்கு, வாடகை ஆகிய அனைத்தும் கூடியவழியன்றி உயிர் பெறாது. இவ்வளவும் கூடி ஒருநாள் நடிக்கப்பெற்ற பின்னரும், கையெழுத்துப்படி அச்சேறாவிடின் அது நடிகர் நினைவோடு மறைந்தொழியும். பழைய நாடகக் குழுக்களில் நாடகம் வாய்ப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. பாடல்கள் மட்டும் சிறு புத்தகங்களாக அச்சிடப்பெற்று விற்கப்பட்டன. உரையாடல் பெரும்பாலும் காற்றோடு போயிற்று. இந்நிலையில் ஒரு புது நாடகம் பிழைத்திருக்க வேண்டுமாயின், அதன் அருமையை உணர்ந்து, “இதனை நடியுங்கள், இதனை அச்சிடுங்கள்” என்று முன்வந்து கூறவல்லார் ஒருவர் வேண்டும். அவ்வருமையை முதலில் உணர்பவர் பெரும்பாலும் மற்றொரு நாடக ஆசிரியரே. ஆகவே, நாடக ஆசிரியர் ஒருவர் பிறர் இயற்றிய புது நாடகங்களிடத்துக் கொள்ளும் ஊக்கம் அவருடைய தனிப்பட்ட நற்குணமாக மட்டும் அமையாது, நாடகத்தின் வாழ்வையே தீர்மானிக்கும் ஓர் ஆற்றலாகவும் நிற்கிறது. இதனைத் தமிழ் நாடக வரலாற்றினின்று சில சான்றுகளால் விளக்குவோம்.

1891ஆம் ஆண்டு இவ்வகையில் இருமுறை நினைக்கத்தக்கது. அவ்வாண்டில்தான் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அந்நாடகங்களைக் காணச் சென்றவருள் பதினெட்டு வயதினரான கல்லூரி மாணவர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னாளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). அதுகாறும் தமிழ் நாடகமென்றாலே அவருக்கு வெறுப்பு. இரவு முழுதும் பாட்டாகவே நிகழ்ந்த அக்கால நாடகங்களும், நடிகர்க்குச் சமுதாயத்தில் இருந்த இழிநிலையும் அவ்வெறுப்பிற்குக் காரணங்கள். தாம் தமிழ் நாடகம் எழுதப்போவதாக அந்நாளில் எவரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்பார் என்பது அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ தரும் செய்தி.

அவ்வெறுப்பை மாற்றியது ஆராய்ச்சி நூலன்று, ஆசிரியர் அறிவுரையுமன்று. பிறமொழியாளர் ஒருவரின் நாடகமே மாற்றியது. பல்லாரிச் சபையின் உயிராக விளங்கிய தர்மவரம் கிருஷ்ணமாசார்லு வழக்கறிஞர்; தாமே நாடகம் இயற்றித் தாமே நடித்தவர். கற்றோரும் அலுவலரும் ஒன்றுகூடி, கூலிக்கன்றிக் கலைக்காக அரங்கேறுதல் இயலும் என்பதைச் சம்பந்த முதலியார் அங்கே கண்டார். கண்டவுடன் செயலில் இறங்கினார். அவரும் நண்பர் சிலரும் 1891ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். அதன்பின் அவர் இயற்றிய முதல் நாடகம் ‘புஷ்பவல்லி’. ஒரு நாடகத்தைக் கண்டு மகிழ்ந்த மகிழ்ச்சி, மற்றொரு மொழியில் ஒரு சபையாகவும் ஒரு நாடக ஆசிரியராகவும் உருக்கொண்டது. கிருஷ்ணமாசார்லு சாரங்கதரன் கதையைத் தெலுங்கில் துன்பியல் நாடகமாக்கினார்; அதே கதையைச் சம்பந்த முதலியார் தமிழில் நாடகமாக்கினார் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. பல்லாரியிலேயே கோலாசலம் சீனிவாச ராவ் என்னும் மற்றொரு நாடக ஆசிரியர் வேறொரு சபை நடத்திக் கிருஷ்ணமாசார்லுவோடு போட்டியிட்டு வந்தார். உள்ளூரில் காய்ச்சலாக நின்றது வெளியூரில் உவகையாகப் பற்றிக்கொண்டது போலும்!

சம்பந்த முதலியாரின் இவ்வூக்கம் இளமையோடு முடிந்ததன்று. சேக்சுபியரின் நாடகங்களை ‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’, ‘மகபதி’, ‘விரும்பிய விதமே’ முதலிய பெயர்களால் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். சுகுண விலாச சபையில் தெலுங்கு, கன்னடம், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மொழி நாடகங்களுக்கும் இடம் கிடைத்தது. முதுமையில் ‘நான் கண்ட நாடகக் கலைஞர்கள்’ என்றொரு நூலையே எழுதினார். தம்மைப் பற்றி எழுதுவதற்கு எத்துணையோ இருந்தும் பிறரைக் கண்ட காட்சிகளைப் பதிவு செய்தற்கு ஒரு தனிநூல் ஒதுக்கிய நாடக ஆசிரியர் தமிழில் வேறு எவர் உளர்?

எனினும், ஒரு குறையைச் சுட்டாது மேற்செல்லுதல் ஆய்வு நெறியாகாது. சபையார் நடித்த தமிழ் நாடகங்களுள் மிகப் பெரும்பாலன சம்பந்த முதலியார் இயற்றியனவே. பிறமொழி நாடகங்களைக் கண்டு வியந்த அவர், தம் அருகிருந்த இளைஞரைத் தமிழ் நாடகம் எழுதத் தூண்டி ஒரு மரபை உண்டாக்கினார் எனக் கூறுதற்கில்லை. பரிதிமாற் கலைஞர் ‘நாடகவியல்’ என்னும் இலக்கண நூலை 1897இல் வெளியிட்டார். அவரும் சென்னையில் இருந்தவர், நாடகங்கள் இயற்றியவர். சபையின் மேடையும் கல்லூரியின் இலக்கணமும் ஒரே நகரத்தில் இருந்தும் ஒன்றையொன்று வளர்க்கவில்லை என்பது எம் கருத்து. மனோன்மணீயமும் கற்பதற்குரிய நாடகம் என்னும் பெயரோடு பாடநூலாகவே நெடுங்காலம் வாழ்ந்தது.

சம்பந்த முதலியார் தந்த தூண்டுதல் கடல் கடந்தும் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுகுண விலாச சபையார் இலங்கை சென்று நடித்தனர். அந்நாடகங்களைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தவர் கலையரசு க. சொர்ணலிங்கம். பல்லாரியார் நாடகம் சம்பந்த முதலியார்க்குச் செய்ததனை, சம்பந்த முதலியார் நாடகம் இவர்க்குச் செய்தது. 1913இல் கொழும்பில் இலங்கா சுபோத விலாச சபை தோன்றியது. சொர்ணலிங்கம் சம்பந்த முதலியாரைத் தம் ஆசானாகவே போற்றி, அவருடைய நாடகங்களை ஈழத்தில் நடித்தார். 1968இல் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்னும் நூலையும் எழுதினார். அம்மண்ணில் பின்னர்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் நாடகங்கள் இயற்றியதும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு ஏற்றியதும், குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் அரங்கேறியதும் தனியே விரித்துரைக்கத்தக்கன.

இனி, சம்பந்த முதலியாரின் காலத்தவராயினும் முற்றிலும் வேறு உலகில் வாழ்ந்த சங்கரதாசு சுவாமிகளை (1867–1922) நோக்குவோம். தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலைக் கணக்கராக இருந்து, இருபத்துநான்காம் வயதில் நாடகத்துறை புகுந்தவர் அவர். அவருக்கு நிலையான மேடை கிடையாது. ஊர் ஊராகச் செல்லும் குழுக்களே அவர் பள்ளி. முன்னோர் பாடல்களையும் வழக்கிலிருந்த கதைகளையும் எடுத்து, அவற்றைச் சிறுவர் நடிக்கத்தக்க பாடமாக்கி, இரவோடிரவாக எழுதித் தந்தார். அவர் 1922 நவம்பர் 13இல் மறைந்த ஊர் புதுச்சேரி.

புதுச்சேரியிலிருந்து வடக்கே மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலை இந்நோக்கில் ஒரு நாடக வரலாற்றுச் சாலையாகவே தோன்றுகிறது. காலாப்பட்டில் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாசு சுவாமிகள் பெயரைத் தாங்கி நாடகப் பள்ளி ஒன்று எழுந்தது. ‘மழை’, ‘நந்தன் கதை’, ‘ஔரங்கசீப்’ ஆகிய நாடகங்களின் ஆசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதன் தலைமையை ஏற்றார். அங்கிருந்து வடக்கே சிறிது தொலைவில் உள்ளது கீழ்புத்துப்பட்டு. ஐயனார் கோயிலால் பெயர்பெற்ற அவ்வூரில் ஈழத்திலிருந்து வந்த தமிழர் வாழும் மறுவாழ்வு முகாமும் உண்டு. அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். உப்புக் கணக்கர் ஒருவரின் பெயரைத் தாங்கிய நாடகப் பள்ளியும், சொர்ணலிங்கத்தின் மேடை மரபில் வந்த மக்களும், உப்பு விளையும் நிலமும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து அமைந்தது தற்செயலே. ஆயினும் ஆராய்வார்க்கு அது பயன்படும் தற்செயல்.

பிறர் நாடகங்களிடத்துக் கொண்ட ஊக்கத்திற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு நம் காலத்தை ஒட்டியே கிடைக்கிறது. அவர் கோமல் சுவாமிநாதன் (1935–1995). எசு. வி. சகசுரநாமத்தின் சேவா சுடேசு குழுவில் பயின்றவர். அக்குழுவுக்கென ‘புதிய பாதை’ என்னும் நாடகத்தை எழுதியவர். தி. சானகிராமன், பி. எசு. இராமையா போன்ற கதையாசிரியர்களை நாடகம் எழுதச் செய்த குழு அது. பிறர் எழுத்துக்கு மேடை தரும் பண்பினைக் கோமல் ஆங்கேதான் கற்றிருத்தல் கூடும். பின்னர்த் தாமே ஒரு குழு நடத்தினார். 1980இல் அவருடைய ‘தண்ணீர் தண்ணீர்’ அரங்கேறிப் பெரும்புகழ் பெற்றது. அடுத்த ஆண்டில் திரைப்படமாகவும் வந்தது.

அவர் சபா மேடையின் ஆசிரியர். அக்காலத்தே சபா மேடைக்கு மாறாக மற்றொரு நாடக உலகம் தோன்றியிருந்தது. ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ ‘நடை’ என்னும் சிற்றிதழில் வெளிவந்து புதுநாடகத்திற்கு வழி திறந்தது. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கப்பெற்றது. ஞாநியின் பரீக்‌ஷாவும், மு. இராமசாமியின் நிச நாடக இயக்கமும், பிரளயனின் சென்னைக் கலைக்குழுவும் வெவ்வேறு வழிகளில் உழைத்தன. இவ்வுலகினர் சபா நாடகங்களைத் துணுக்குத் தோரணங்கள் என ஒதுக்கினர். சபாவினர் இவர்களுடைய நாடகங்களைப் புரியாதவை எனத் தள்ளினர். இருசாராரிடத்தும் ஓரளவு உண்மையும் மிகுதியான காய்ச்சலும் இருந்தன எனலாம்.

1991இல் ‘சுபமங்களா’ இதழின் ஆசிரியப் பொறுப்பு கோமலிடம் வந்தது. சபா மேடையில் வெற்றி கண்ட ஒருவர், தம்மை மதியாத மாற்று முகாமினரின் படைப்புகளுக்கு இதழைத் திறந்துவிடுவார் என எவரும் எதிர்பார்த்திருக்கவியலாது. அவர் அதனைச் செய்தார். எழுத்தாளர்களின் நீண்ட நேர்காணல்களோடு நாடகத்திற்கும் பக்கங்கள் ஒதுக்கினார். அம்மட்டில் அமையாது, சுபமங்களா நாடக விழாக்களை நடத்திப் புது நாடகங்களைச் சென்னைக்கு வெளியிலும் மக்கள் காணச் செய்தார். அவ்விழாக்களின் சிறப்பு யாதெனின், அவை விழா நடத்துவோரின் நாடகங்களைக் காட்டுதற்கு ஏற்பட்டவை அல்ல என்பதே. ஓர் ஊரில் முப்பது பேர் கண்டு மறந்திருக்கக்கூடிய நாடகம் மற்றோர் ஊரின் நாடகக்காரர் கண்ணில் பட்டது. குழுவினர் குழுவினரைக் கண்டனர். இதழில் அதுபற்றிய எழுத்தும் வந்தது. முன்னர்க் கூறிய பாயிரத்தின் பணி இங்கே மேடையாலும் அச்சாலும் ஒருங்கே நிறைவேறியது.

சம்பந்த முதலியாரிடம் நாம் கண்ட குறை கோமலிடம் இல்லை என்பது கருதத்தக்கது. முன்னவர் தொலைவிலுள்ள நாடகத்தைக் கண்டு மகிழ்ந்தார். பின்னவர் தமக்கு அணித்தாக நின்று தம் நெறியை மறுத்தவர்களின் நாடகத்தைக் கண்டு மகிழ்ந்தார். இரண்டாவதே அரிது. அதே வேளையில், கோமலின் ஊக்கம் ஓர் இதழையும் ஒரு மனிதரையும் சார்ந்து நின்றமையால் நிலைக்கவில்லை. 1995 அக்டோபரில் அவர் மறைந்தார். இதழும் அதனையொட்டி நின்றுபோயிற்று. சம்பந்த முதலியாரின் சபையோ அவருடைய ஊக்கத்தைப் பல்லாண்டு தாங்கியது. ஆறு பாகங்களாக அமைந்த நினைவு நூலும் நமக்குக் கிடைத்தது. ஊக்கம் யாரிடத்து மிகுதி என்பதும், எது நெடிது வாழ்ந்தது என்பதும் ஒன்றல்ல.

இவ்வாராய்ச்சியில் உடனே மேற்கொள்ளத்தக்க பணிகள் இரண்டு உள. 1991 முதல் 1995 வரை வெளிவந்த சுபமங்களா இதழ்களினின்று நாடகம் பற்றிய பகுதிகளைத் தனியே தொகுத்து, விழாக்களில் நடிக்கப்பெற்றவற்றுள் எவை அச்சேறின, எவை கையெழுத்துப்படியாக உள்ளன என்று பட்டியல் செய்தல் வேண்டும். அவற்றில் நடித்தோர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். மற்றொன்று, கீழ்புத்துப்பட்டு போன்ற முகாம்களில் வாழும் முதியோரை அணுகி, புலம்பெயர்வதற்கு முன்னர்த் தத்தம் ஊர்களில் அவர்கள் கண்ட நாடகங்களையும் கூத்துகளையும் கேட்டு எழுதுதல். படிகள் எரிந்தும் சிதறியும் போன நாட்டில் பார்த்தவர் நினைவே படியாகும். அம்முதியோரின் அகவையை எண்ணுங்கால் இரண்டாவதனை முதலில் தொடங்குதலே தக்கது.