கள்ளும் முந்திரிகை இரசமும்: யாழ்ப்பாணத்து மாரிகாலக் கொண்டாட்டங்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு சமூகத்தின் கொண்டாட்டங்களை நுணுகி நோக்குபவர்க்கு அதன் உழைப்பு முறையும் உயர்வு தாழ்வுக் கருத்துக்களும் ஒருங்கே புலனாகும். விருந்தில் என்ன பரிமாறப்படுகிறது என்பது மட்டுமன்று. எது வெளிப்படையாக அருந்தப்படுகிறது, எது மறைவாக அருந்தப்படுகிறது, அதனை ஆக்கித் தந்தவர் அவ்விருந்தில் எங்கே நிற்கிறார் என்பனவும் ஆய்வுக்குரியனவே. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐப்பசி முதல் தை வரை நீளும் மாரிகாலம் தீபாவளி, நத்தார், ஆங்கிலப் புத்தாண்டு, தைப்பொங்கல் ஆகியன அடுத்தடுத்து வரும் காலமாகும். இக்காலத்தில் இரு பானங்கள் இருவேறு மதிப்புடன் வழங்குகின்றன. முந்திரிகை இரசம், அதாவது வைன், கண்ணாடிக் கிண்ணத்தில் வரவேற்பறைக்கு வருகிறது. கள் வேலிக்கு அப்பால் நிற்கிறது. இவ்வேறுபாடு அப்பானங்களின் இயல்பிலிருந்து தோன்றியதன்று என்பதும், அவற்றை ஆக்குவோருக்கும் அருந்துவோருக்கும் இடையிலுள்ள சமூக உறவிலிருந்தே தோன்றியது என்பதும் எமது கருத்தாகும்.

மாரிகாலத்தில் வைன் அருந்தி மகிழும் வழக்கம் ஐரோப்பாவில் எவ்வாறு உருவாயிற்று என்பதை முதலில் நோக்குதல் தகும். அங்கு முந்திரிகைக் குலைகள் பெரும்பாலும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அறுவடையாகின்றன. பிழிந்த சாறு சில வாரங்களில் நொதித்துப் புதுமதுவாகிறது. நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் பல நாடுகளில் புதுமதுவைச் சுவைத்துப் பார்க்கும் நாளாகவும் விளங்கிற்று. பிரான்சின் பொஜலே பிரதேசத்துப் புதுமதுவுக்கென 1951ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியொன்று வழிவகுத்தது. 1985 முதல் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமை அதற்குரிய நாளாக உள்ளது. வயல்வேலை ஓய்ந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் காலமே மது நிறைந்திருக்கும் காலமாகவும் அமைந்தது. ஆகவே அங்கு விழாவும் விளைவும் ஒன்றையொன்று தழுவி நின்றன.

யாழ்ப்பாணத்தில் நிலைமை நேர்மாறானது. பனையிலிருந்து சாறு பெறும் பருவம் பெரும்பாலும் தை, மாசியில் தொடங்கி ஆடி, ஆவணியளவில் ஓய்ந்துவிடும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பனையிலே பாளை இல்லை, தென்னங்கள்ளே உண்டு. மழையில் நனைந்த மரம் வழுக்கும்; வாடைக்காற்று வீசும். விழாக்கள் கூடி வருகின்ற, குடிப்பதற்கான விருப்பமும் கேள்வியும் உச்சம் பெறுகின்ற அதே காலந்தான் பனையை நம்பி வாழும் சீவல் தொழிலாளியின் வருவாய் சுருங்கும் காலமாகும். ஊரவர் கொண்டாடும்போது கள்ளைத் தருபவன் வீட்டில் அடுப்பு நூர்ந்து கிடப்பது தனிப்பட்டவரின் ஊதாரித்தனத்தால் விளைவதன்று. அது தொழிலின் பருவ ஒழுங்கினாலும், அவ்வொழுங்குக்கு ஈடுசெய்யும் ஏற்பாடு எதையும் சமூகம் செய்யாமையாலும் விளைவதாகும்.

இத்தொழிலின் இயல்பை அறியாதோர் பலராதலின் அதனைச் சுருக்கமாக விளக்குதல் வேண்டும். தொழிலாளி தளைநாரைக் காலிற் பூட்டி அறுபது, எழுபது அடி உயரப் பனையில் ஏறி, பாளையைப் பதமாகத் தட்டி நசித்து, அதன் நுனியைக் கூரிய கத்தியால் மெல்லிதாகச் சீவி முட்டியைக் கட்டுகிறான். காலையும் மாலையும் இது தவறாது நிகழவேண்டும். ஒருநாள் தவறினும் சீவிய வாய் காய்ந்து சாறு குன்றும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பநீர் கிடைக்கும். அதனைப் பெண்கள் காய்ச்சிப் பனங்கட்டியாக்கிக் குட்டான்களில் வார்ப்பர். சுண்ணாம்பு இல்லையெனில் காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் சாற்றின் வெல்லத்தைச் சில மணித்தியாலங்களில் மதுசாரமாக மாற்றும். இதுவே கள். முந்திரிகைச் சாறு வைனாக மாறும்போது நிகழ்வதும் இதே இரசாயன மாற்றமே. வெல்லம் கூடிய முந்திரிகைச் சாற்றிலிருந்து நூற்றுக்குப் பன்னிரண்டு வீதமளவு மதுசாரமும், கள்ளில் ஏறத்தாழ ஐந்து வீதமும் உண்டாகின்றன என்பதே அளவு வேறுபாடு. மதுசாரத்தின் அளவே இழிவுக்குக் காரணமாயின் வைனே கூடுதலாக இழிக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

எனினும் பொருளியல் நோக்கில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வைனைச் சேமித்து வைக்கலாம். ஆண்டுகள் கழிய அதன் விலையும் ஏறலாம். எனவே அது தொலைதூரச் சந்தைக்குரிய பண்டமாகவும், செல்வத்தின் அடையாளமாகவும் வளர முடிந்தது. கள்ளோ ஒருநாட் பொழுதிற் புளித்துவிடும்; விடிய இறக்கியதை அன்றே விற்றாக வேண்டும். இதனால் விலைபேசும் வலு சீவல் தொழிலாளியிடம் எக்காலத்தும் இருந்ததில்லை. பண்டம் அழுகுந் தன்மையுடையதாயின் அதனை ஆக்குபவன் வாங்குபவனுக்கு அடங்கி நிற்க வேண்டியவனாகிறான். கள்ளின் தாழ்ந்த மதிப்பை ஆராயும்போது இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது.

தமிழிலக்கியச் சான்றுகள் இவ்விடத்திற் பெரிதும் பயன்படுகின்றன. சங்கச் செய்யுள்களில் கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி முதலிய பல சொற்கள் எவ்வித இழிவுப் பொருளுமின்றி வழங்குகின்றன. 'மகிழ்' என்னுஞ் சொல் களிப்பையும் கள்ளையும் ஒருங்கே குறித்தது. கூதிர்க்கால வருணனைக்குப் பெயர்பெற்ற நெடுநல்வாடையில், குளிருக்கு அஞ்சி ஊரவர் தண்ணீரை விலக்கி நெருப்பை நாடும் வேளையிலும், உடல்வலிமை மிக்க ஆடவர் தேறலை மாந்திவிட்டுத் தூறலைப் பொருட்படுத்தாது தெருவில் திரிவது கூறப்படுகிறது. மாரிகாலக் குடியும் களிப்பும் பற்றிய பழைய தமிழ்ச் சித்திரங்களில் இது குறிப்பிடத்தக்கது. ஆயின் அக்காலத்திலேயே பானங்களுக்கிடையில் ஏற்றத்தாழ்வு அரும்பிவிட்டது என்பதையும் நாம் மறத்தலாகாது. நக்கீரர் பெயரால் வழங்கும் புறநானூற்று 56ஆம் செய்யுள், யவனர் கொணர்ந்த மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்டப் பாண்டியன் அருந்துவதைப் பேசுகிறது. 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிற் கிடைத்த மத்தியதரைக் கடற்பிரதேசத்துச் சாடிகளின் துண்டுகள் அவ்வாணிகத்துக்குச் சான்றாகின்றன. கடல்கடந்து வந்தது மன்னனுக்கு, ஊரில் இறக்கியது ஏனையோர்க்கு என்ற பாகுபாட்டின் வேர் அங்கேயே உளது.

கள் ஒழுக்கக்கேடாகக் கணிக்கப்பட்டமை பிற்காலத்து வளர்ச்சியாகும். திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை இதன் தெளிவான வெளிப்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் சைவ ஒழுக்கத்தை வரையறுத்தபோது கட்குடியைக் கொலை, களவு ஆகியவற்றோடு ஒருங்குவைத்துக் கண்டித்தார். புரட்டஸ்தாந்த மிசனரிமாரும் மதுவிலக்கைப் போதித்தனர். ஏனையவற்றில் முரண்பட்டு நின்ற இரு சாராரும் இதில் ஒன்றுபட்டமை சிந்தனைக்குரியது. இன்னொரு புறத்தே குடியேற்ற அரசு தவறணைகளைக் குத்தகைக்கு விட்டு வருவாய் ஈட்டியது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இவ்வதிகாரத்தை ஒழுங்குபடுத்தி உறுதியாக்கிற்று. மேடையிற் கண்டனமும் கருவூலத்தில் வரியும் பெற்ற பொருள் கள். இரண்டின் சுமையும் ஏறியவன் மரமேறியே.

முந்திரிகைக் கனியின் மது வேறு பாதையில் வந்தது. கத்தோலிக்கத் திருப்பலிக்கு முந்திரிகைக் கனியிலிருந்து பெறப்பட்ட இயற்கையான, கெடாத மதுவே வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதனை வலியுறுத்துகிறது. தமிழ் விவிலிய மரபு அதனைக் கள் எனவோ மது எனவோ பெரும்பாலும் கூறாது 'இரசம்' என்றது. சொல் மாற்றம் சமூக மதிப்பின் மாற்றமாகவும் அமைந்தது. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள், தியானத்தோடு கைத்தொழிலையும் வாழ்க்கை நெறியாகக் கொண்டனர். அவர்களுடைய முந்திரிகை இரசமும் நெல்லிரசமும் குடாநாடெங்கும் அறியப்பட்டவை. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுநீர் இறைத்துப் பந்தலிட்டு முந்திரிகை பயிரிடும் கமக்காரரும் பின்னர் பெருகினர். நத்தார் காலத்தில் இவ்விரசம் கிறிஸ்தவரல்லாதார் வீடுகளுக்கும் அன்பளிப்பாகச் சென்றது. இங்கும் உடலுழைப்பு உண்டு. ஆயின் அவ்வுழைப்புக்குத் தீட்டு இல்லை. வேறுபாட்டின் உயிர்நிலை இதுவே.

ஏனெனில் கள்ளின் இழிவு உண்மையில் அதனை இறக்கும் சாதியினர்மீது சுமத்தப்பட்ட இழிவாகும். நளவர் முதலிய ஒடுக்கப்பட்ட மக்களின் வளவுக்கு 'உயர்ந்தோர்' எனப்பட்டவர் சென்று, பனையோலையாற் கோலிய பிளாவில் அவர்கள் வார்த்த கள்ளைக் குடித்தனர். அதே கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்க மறுத்தனர். குடித்தபின் பிளா எறியப்படும். தீட்டும் அதனோடு போயிற்று என்பது வசதியான தத்துவம். கள்ளைத் தந்தவன் தேநீர்க்கடைக்கு வந்தபோதோ அவனுக்குச் சிரட்டையோ போத்தலோ காத்திருந்தது. தீபாவளியன்று பங்கிறைச்சியும் கள்ளும் கொண்டவர்கள், அமாவாசை கழிந்ததும் கந்தசஷ்டி விரதம் பூண்டு கோயிலுக்குட் புகுந்தனர். கள்ளிறக்கியவன், விரதம் இருந்தாலும், வெளிவீதியிலேயே நின்றான். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஏட்டில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களுமே அதற்கு உயிரூட்டின. 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' இப்போராட்டங்களை நாவற் பொருளாக்கியது.

1970களில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகக் கள்ளைச் சந்தைப்படுத்தும் முறை வேரூன்றியமை ஒரு முன்னேற்றமாகும். கள்ளைப் போத்தலில் அடைத்தும், பனஞ்சாராயம் வடித்தும் அதன் ஒருநாள் ஆயுளை நீட்ட முடிந்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. ஆயின் 1977இன் திறந்த பொருளாதாரம் பிறநாட்டு மதுவகைகளுக்கு வழிதிறந்தது. 1983இன் பின்னர் புலம்பெயர்ந்தோர் அனுப்பிய பணம் நுகர்வின் அளவுகோல்களை மாற்றியது. போரிலே பனைகள் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேற்றப்பட்டனர். முந்திரிகைத் தோட்டங்களும் பனங்கூடல்களும் முட்கம்பிக்குப் பின்னாற் போயின. இன்று மார்கழி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் வரும் உறவினர் கொணரும் வைன் போத்தல் விருந்தின் நடுவில் வைக்கப்படுகிறது. யவனர் மரக்கலத்தின் இடத்தை விமானம் பெற்றுள்ளது. சீவல் தொழிலாளியின் மகன் தளைநாரைத் தொட மறுக்கிறான். இழிவையும் ஆபத்தையும் மட்டுமே தந்த தொழிலை அவன் துறப்பதை யார் குறைகூற முடியும்?

இவ்வாறு கூறுவது குடியைப் போற்றுவதாகாது. 1845இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில் ஏங்கெல்ஸ், குடி என்பது தனிமனிதத் தீயொழுக்கம் மட்டுமன்று, நம்பிக்கையற்ற வாழ்க்கை நிலைமைகளின் விளைவு என்பதைக் காட்டினார். எமது ஊர்களிலும் நாட்கூலி தவறணையிற் கரைவதும், அதன் துன்பத்தை மனைவியும் பிள்ளைகளும் சுமப்பதும் கண்கூடு. அத்துன்பத்தைப் பேசாத ஆய்வு நேர்மையற்றதாகும். ஆனால் தவறணையைச் சாடும் நா வரவேற்பறைக் கிண்ணத்தின்முன் மௌனஞ் சாதிக்குமாயின், அது மதுவை எதிர்க்கவில்லை. ஏழையை எதிர்க்கிறது என்பதே பொருள்.

ஆகவே எமது முடிபு இதுவாகும். மாரிகாலக் கொண்டாட்டத்தில் கிண்ணமேந்தும் உரிமையை நாம் மறுக்கவில்லை. இரு பானங்களையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றே கேட்கிறோம். மழை மாதங்களிற் சீவல் தொழிலாளிக்கு வாழ்வூதியம், மரத்திலிருந்து வீழ்ந்தால் அவன் குடும்பத்துக்குக் காப்புறுதி, கள்ளுக்கும் கருப்பநீருக்கும் நியாய விலை என்பன இரக்கத்தின்பாற்பட்டவை அல்ல, உழைப்பின் உரிமைகள். கள்ளுக்கு மதிப்புத் தேடுவது எமது நோக்கமன்று. அதனை இறக்குபவன், தான் இறக்கியதைக் குடித்தவர்களோடு ஒரே பந்தியில் அமரும் நாளே மாரியின் மெய்யான மகிழ்நாளாகும்.