மேடில்லாத மண்ணில் ஓர் இறக்க வண்டில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகப் பரந்து கிடக்கும் மண் நமது மண். ஆகவேதான் நமது சிறுவர்களின் விளையாட்டு வண்டில்கள் தள்ளும் வண்டில்களாகவோ இழுக்கும் வண்டில்களாகவோ இருந்து வந்துள்ளன. நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியின் இரு முனைகளிலும் செருகி, கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு ஒழுங்கை நீளத்துக்கு ஓடாதவர் நம்மில் எவர்?

இக்கட்டுரை வேறொரு வண்டிலைப் பற்றியது. அதற்கு இயந்திரமும் இல்லை, தள்ளுபவரும் இல்லை. சரிவான பலகையின் உச்சியில் வைத்து விட்டால், தன் பாரத்தினாலேயே உருண்டு வரும். கையளவு மரக்கட்டையும் நான்கு சில்லுகளுமே அதன் உறுப்புகள். அமெரிக்காவிலே குருளைச் சாரணர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இதனைச் செய்து பந்தயம் விட்டு வருகிறார்கள்.

வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு விளையாட்டு வண்டில் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை நான் ஒரு முதியவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

தொடங்கிய கதை

சாரணர் இயக்கம் 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுண்சீ தீவில் பேடன் பவுல் நடத்திய பாசறையோடு ஆரம்பமானது. இலங்கைக்கு அது 1912இல் மாத்தளையில் வந்து சேர்ந்தது. இந்த வண்டில் பந்தயமோ அதற்கு வெகு காலத்தின் பின் வந்தது.

கலிபோர்னியா மாநிலத்தில் மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரிலே டொன் மர்பி என்பவர் குருளைச் சாரணர் குழுவொன்றை நடத்தி வந்தார். பிள்ளைகள் தாமே செய்த வண்டியில் ஏறியமர்ந்து சரிவான வீதியில் இறங்கும் பெரிய பந்தயம் ஒன்று அக்காலத்தில் அந்நாட்டில் பிரபலமாக இருந்தது. அதில் சேர்வதற்கு அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதவில்லை. ஆகவே, சிறு பிள்ளைகளும் தந்தையோடு கூடியிருந்து செய்யக்கூடிய சின்ன வண்டி ஒன்றை அவர் யோசித்தார். முதற் பந்தயம் 1953 மே 15ஆம் நாள் நடந்தது. ஒரு பைன் மரக்கட்டை, நான்கு சில்லு, நான்கு ஆணி: பிள்ளைக்குக் கொடுக்கப்படுபவை இவ்வளவே. வண்டியின் நீளம் 7 அங்குலத்தையும், நிறை 5 அவுன்சை, அதாவது ஏறக்குறைய 142 கிராமை மிஞ்சலாகாது என்பது இன்றும் அங்குள்ள விதி.

நான் விட்ட பிழை

சில ஆண்டுகளுக்கு முன், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு முகாமில், பாடசாலை விடுமுறைக் காலத்தில் இப்பந்தயத்தை நடத்தினேன். பிள்ளைகளுக்குக் கட்டைகளைக் கொடுத்து இரண்டு வாரத் தவணையும் கொடுத்தேன். பந்தய நாளன்று வந்த வண்டில்கள் பலவும் பளபளத்தன. அவை தகப்பன்மாரும் தமையன்மாரும் செய்தவை என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. ஒரேயொரு சிறுவனின் வண்டில் மாத்திரம் கோணல்மாணலாக இருந்தது. அவனுக்குத் தகப்பன் இல்லை. தாய் விடியவே வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார். அவன் தனியே இருந்து செய்த வண்டில், பாதி வழியிலே பலகையின் ஓரத்தில் முட்டி நின்றுவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அதனை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போய்விட்டான். நானோ பரிசு கொடுக்கும் அவசரத்தில் இருந்தேன்.

வேகத்துக்கு மட்டும் பரிசு வைத்ததும், துணையில்லாத பிள்ளைக்குத் துணை தேடாததும் எனது பிழைகள்.

வேம்பின் கீழ் இருந்த ஒரு முதியவர்தான் எழுந்து அவனிடம் போனார். ஊரில் மாட்டுவண்டில் வைத்திருந்த கமக்காரர் அவர். முகாமுக்கு வந்த நாள் முதலாய், "எனக்கு இஞ்சை என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர். வண்டிலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன்ரை வண்டிலிலை பிழையில்லை. அச்சுத்தான் சரிஞ்சு கிடக்கு. இப்பிடிப் பூட்டினால் மாடு கூட இழுக்காது." நூல் பிடித்து அச்சை நேராக்கும் விதத்தை அவனுக்குக் காட்டினார். மறுநாள் மாலை அந்த வண்டில் எல்லைவரை ஓடியது. அது முதலாவதாக வரவில்லை. ஆனால் அதன்பின் அந்த முதியவரைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள் வண்டிலும் கையுமாக இருக்கக் கண்டேன்.

விட்டு வந்த காணிகள் 2009இன் பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் எல்லோருக்கும் எல்லாமும் கிடைத்துவிடவில்லை. காத்திருந்த காலத்தில் ஒரு தலைமுறை தோட்ட வேலையையோ வண்டில் வேலையையோ கண்ணாற் காணாமலே வளர்ந்துவிட்டது. பெரியவர்களின் கையிலிருக்கும் அறிவைப் பிள்ளைகள் கேட்டு வாங்குவதற்கு ஒரு சாட்டு வேண்டும். அதற்கு இந்தச் சிறு வண்டில் போதும்.

செய்யும் முறை

கட்டை 7 அங்குல நீளமும் 1¾ அங்குல அகலமும் 1¼ அங்குல உயரமும் இருந்தால் நன்று. வேலிக் கதியாலான முள்முருக்கு மென்மையானது. காய்ந்தபின் சிறுவர் கைக்கு இணங்கும். பூவரசு சற்று உரமானது, ஆனால் அழுத்தமாக வரும். பனஞ்சலாகை சிராய் ஏற்றும். அதைச் சிறுவர் கையில் கொடுக்க வேண்டாம்.

அச்சுக்குப் பழைய சைக்கிள் கம்பி மிகவும் பொருத்தமானது. அது உரமானது, வழவழப்பானது. வளையாத துண்டாகத் தெரிந்தெடுங்கள். கட்டையின் அடியில் குறுக்காக, பக்கத்துக்குச் செங்கோணமாக இரண்டு தவாளிப்புகளை வாளால் வெட்டி, கம்பிகளை அவற்றிற் பதித்துப் பசையிட்டு ஒட்டவும். தண்ணீர்ப் போத்தல் மூடிகள் நல்ல சில்லுகளாகும். நடுமையத்தைக் கவனமாகக் குறித்துத் துளையிடவும். மையம் தப்பினால் சில்லு நொண்டும். சில்லு கழன்று போகாதபடி கம்பியின் முனையில் சைக்கிள் வால்வு இறப்பர்த் துண்டொன்றைச் செருகலாம். சில்லுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடவும். வாள் வேலையும் சூடாக்கிய ஆணியால் துளையிடுவதும் பெரியவர் பக்கத்தில் நிற்கவே நடைபெற வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

வண்டிலுக்குப் பாரம் ஏற்ற உலோகம் தேவைப்படும். இரும்பு நட்டுகளோ பழைய நாணயங்களோ போதும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வேண்டாம். ஈயம் பிள்ளைகளின் உடலுக்கு நஞ்சு. எல்லாவற்றிலும் முக்கியமானது: நிலத்திற் கண்டெடுத்த எந்த உலோகப் பொருளையும் பிள்ளைகள் தொடலாகாது. போர் நடந்த மண்ணில், மீள்குடியேறிய காணிகளில், வெடிக்காத பொருள்கள் இன்னமும் கிடக்கலாம். கண்டால் தொடாமல் விலகி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

ஓட்டத்தைச் சீர்செய்தல்

நான்கு அடி உயரத்திலிருந்து இறங்கும் வண்டில், எதுவுமே வீணாகாவிட்டால், செக்கனுக்கு ஏறத்தாழ 4.9 மீற்றர் வேகத்தை அடையும். இதற்கு மேல் எவராலும் கூட்ட முடியாது. உராய்வினாலும் காற்றினாலும் வீணாவதைக் குறைப்பது ஒன்றே செய்பவரின் வேலை.

முதலாவது, அச்சு நேராக இருத்தல். இரு பக்கங்களிலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை நூலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னர் மட்டமான சீமெந்துத் தரையில் ஆறடி தூரம் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அச்சைத் திருத்துங்கள்.

இரண்டாவது, அச்சின் வழவழப்பு. சில்லு சுழலும் இடத்தை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, பின் துணியால் மினுக்கவும்.

மூன்றாவது, மசகு. மாட்டுவண்டிலுக்குக் கிறீஸ் நன்று. இச்சிறு வண்டிலுக்கு அது பசைபோலப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தூசியை ஏற்றும். உலர்ந்த காரீயத் தூளே ஏற்றது. காரீயம் படலம் படலமாக வழுக்கும் தன்மையுள்ளது. போகல, கஹடகஹ சுரங்கங்களில் கிடைக்கும் நமது நாட்டுக் காரீயம் அதன் தூய்மைக்கு உலகப் பேர் பெற்றது. அதை வாங்கத் தேவையில்லை. மென்மையான பென்சிலின் கூரைச் சுரண்டினால் போதிய தூள் கிடைக்கும்.

நான்காவது, பாரம். விதித்த எல்லை வரை பாரத்தை ஏற்றுங்கள். பாரமான வண்டிலைக் காற்றால் எளிதிற் பின்தள்ள முடியாது. கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். சரிவிலே பின்பகுதி உயரத்தில் நிற்பதால், அங்குள்ள பாரம் கூடிய தூரம் கீழிறங்கி வண்டிலை உந்தும்.

பந்தயம் விடும் விதம்

சரிவுக்கு இரண்டு பலகைகள் போதும். பனஞ்சலாகைகளால் முண்டு கொடுக்கலாம். ஒவ்வொரு பாதையின் நடுவிலும் மெல்லிய சட்டம் ஒன்றை அடித்தால், சில்லுகள் அதன் இருபுறமும் ஓட, வண்டில் பாதை விலகாது. சரிவு தரையைத் தொடும் இடம் சட்டென்று முறியாமல் மெதுவாக வளைய வேண்டும். முடிவிலே மணலையோ பழைய சாக்கையோ போட்டு வையுங்கள். ஒரு பாதை மற்றதிலும் வேகமாக இருக்கக்கூடும். ஆதலால் ஒவ்வொரு வண்டிலும் இரு பாதைகளிலும் ஓட வேண்டும்.

வேகத்துக்கு ஒரு பரிசு இருக்கட்டும். முழுவதையும் தன் கையாற் செய்த பிள்ளைக்கும், முதல் நாளிலும் பார்க்க மறுநாள் கூடுதலாகத் திருத்தி வந்த பிள்ளைக்கும் பரிசு கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகப்பனோ தமையனோ இல்லாத பிள்ளைக்கு முன்னதாகவே ஒரு பெரியவரைத் துணையாக நியமியுங்கள்.

வருகின்ற விடுமுறையில் இதை நடத்த விரும்புகிறவர்கள் கட்டை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். உங்கள் முகாமிலோ குடியேற்றத்திலோ மாட்டுவண்டில் வேலை தெரிந்த பெரியவர் யார் என்று விசாரியுங்கள். அவரிடம் போய், பிள்ளைகளுக்கு நூல் பிடிக்கக் காட்டித் தருவாரா என்று கேளுங்கள்.